மூன்றாவது பத்தி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஆமாம், நானேதான். தம்பி எழுதித் தரவில்லை, டீச்சரும் எழுதித் தரவில்லை. கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். இவ்வளவு கோணல்மாணலாக இருப்பதற்கு மன்னித்துக்கொள். கோடு போட்ட நோட்டுதான், ஆனாலும் எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன. வரியின் ஆரம்பத்தில் பூசணிக்காய் போல இருக்கிற எழுத்து, கடைசியில் இடம் போதாமல் மிளகு போலச் சுருங்கிவிடுகிறது. மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் கை நான்காவதையும் போட்டுவிடுகிறது. அப்படி எங்காவது இருந்தால் ஒன்றைக் கழித்துக்கொண்டு படி. பேனா பிடித்தால் தாள் கிழிகிறது, அதனால் பென்சில். நாற்பது வருடம் தண்ணீர்க் குழாய் வால்வுகளைத் திருகிய கை இது. மெதுவாக என்றால் அதற்குப் புரிவதில்லை.

முதலில் வீட்டு விஷயம். நாங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். தம்பிக்கு பஸ் டிப்போவில் பகல் ஷிப்டு கொடுத்துவிட்டார்கள். பக்கத்து நாட்டிலிருந்து அவன் கொண்டுவந்த காது இரைச்சல் குறைந்திருக்கிறது. ஆனால் இடது காது இன்னும் கேட்பதில்லை. மருமகள் அதையே ஒரு வசதியாக வைத்துக்கொண்டிருக்கிறாள். அவனைத் திட்ட வேண்டும் என்றால் இடது பக்கம் போய் நின்று திட்டுகிறாள், சொல்ல வேண்டியதைச் சொல்ல வலது பக்கம் வருகிறாள். என் முழங்கால் எப்போதும் போல. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நோட்டு போதாது.

எனக்குப் படிக்கத் தெரியும் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான்தான் சொல்லக் கூடாது என்றேன். எட்டு மாதமாக நூலகத்தின் பின்அறையில் காலை வகுப்புக்குப் போகிறேன். பதினொரு பேர் இருக்கிறோம். என் பக்கத்தில் தையல்காரரின் மாமியார் உட்காருகிறார். நான் ஒரு வரி முடிப்பதற்குள் அந்த அம்மாள் இரண்டு வரி முடித்துவிட்டு, "என்ன அண்ணே, வண்டி இன்னும் ஸ்டேஷனை விட்டே கிளம்பலையா?" என்று கேட்கிறார். போன மாதம் சொல் எழுதும் பரீட்சையில் அவரைவிட ஒரு மதிப்பெண் அதிகம் வாங்கினேன். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

வெளியே வந்தால் என் கண் சும்மா இருப்பதில்லை. பஸ் போர்டு, மருந்து அட்டை, கடை ஷட்டர், எதையும் விடுவதில்லை. பல் துலக்கும் பேஸ்டில் எவ்வளவு எழுதியிருக்கிறார்கள்! இத்தனை நாளும் அதை அழகுக்குப் போட்டது என்று நினைத்தேன். நான் தண்ணீர் திறந்துவிட்ட தெருக்களுக்கெல்லாம் மூலையில் பெயர்ப்பலகை இருக்கிறது. நானாக வைத்த பெயர்கள்தான் எனக்குத் தெரியும்: நாய்த் தெரு, மாடி வீட்டுத் தெரு, சண்டைத் தெரு. சண்டைத் தெருவின் பலகையில் ஒற்றுமை என்று போட்டிருக்கிறது. நடுரோட்டில் நின்று சிரித்தேன். சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனார்.

ஏன் இந்த வயதில் படிப்பு என்று கேட்பாய். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். சுற்றிச் சுற்றி வருகிறேன், இனி நேராகப் போகிறேன்.

அந்தப் பத்திரிகையில் நீ முதலில் பிழை திருத்தினாய். பிறகு துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் எப்போது வருகிறது என்று எழுதினாய். அப்புறம்தான் வியாழக்கிழமைதோறும் "எல்லைக்கு இப்பால்" என்று உனக்கென ஒரு பகுதி கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஒரு வியாழக்கிழமைகூட நான் சலூனுக்குப் போகாமல் இருந்ததில்லை. தலையில் வெட்ட முடி இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். அங்கே பென்ஷன் சார் பேப்பர் படிப்பார். தபால் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தாரே, அவர்தான். நல்ல குரல். முதலில் உன் பெயரைப் படிப்பார். அதைக் கேட்டதும் கடைக்காரர் கத்திரிக்கோலை நிறுத்துவார். சார் இரண்டு பத்தி படிப்பார். பிறகு பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு தன் பிரசங்கத்தை ஆரம்பித்துவிடுவார். நாங்கள் எல்லோரும் அதோடு கட்டுரை முடிந்தது என்றே நினைத்தோம்.

பக்கத்து நாட்டில் கலகம் வந்த வருடம் அவர் படித்தது எனக்கு இன்னும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. அங்கே ஜனங்கள் சாகிறார்கள், நம்மிடம் படை இருக்கிறது, இருந்தும் கைகட்டிப் பார்ப்பது நியாயமா, வலு உள்ள நாம் போகாவிட்டால் வேறு யார் போவார்கள் என்று இருந்தது. சார் பேப்பரை மடித்து என் தொடையில் தட்டினார். "பாத்தியாய்யா, உன் பொண்ணு என் கட்சி! பட்டாளத்தை அனுப்புன்னு எவ்வளவு அழகா சொல்றா பாரு" என்றார். அடுத்த வியாழனும் அப்படி. அதற்கடுத்த வியாழனும் அப்படி. அந்த மாதமே, பட்டாளத்தில் தம்பி இருந்த பிரிவுக்குப் புறப்படச் சொல்லி உத்தரவு வந்தது.

அவன் போன மறுவாரம் நீ பையோடு வந்து இறங்கினாய். அன்று நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. "நீ எழுதுறதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். உன் தம்பி அங்க போயிருக்கான். இனிமே உன் எழுத்தைப் பத்தி இந்த வீட்டுல பேச்சே வேணாம்" என்றேன். நீ ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. காபியைத் தொடாமல் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டாய். பதில் இல்லாததால்தான் போகிறாள் என்று நினைத்தேன். சொந்தத் தம்பியைப் போருக்கு அனுப்பச் சொல்லி எழுதியவளுக்கு என்ன பதில் இருக்கும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு யாரோ நம் வீட்டுக் கதவில் தாரால் எதையோ எழுதிவிட்டுப் போனார்கள். பிள்ளைகளை அனுப்பிவிட்டு வயிறு எரிந்து கிடக்கிற பெற்றவர்கள் யாரோ உன்னைத் திட்டியிருக்கிறார்கள் என்று நானே முடிவுகட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரையும் கேட்கவில்லை. அவமானம். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன், முழுதாகப் போகவில்லை. பதினான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்த தம்பி அந்தக் கறையைப் பார்த்துவிட்டு, "அப்பா, அக்கா எழுதினது என்னன்னா..." என்று ஆரம்பித்தான். நான் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டேன். நான் போட்ட உத்தரவு அவனுக்கும் சேர்த்துத்தான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அவ்வளவு கோபத்திலும் வியாழக்கிழமை சலூனுக்குப் போவதை நிறுத்தவில்லை. கட்டுரைக்கு மேலே சார் உன் பெயரைப் படிப்பார் அல்லவா, அதைக் கேட்பதற்காகப் போனேன்.

போன வருடம் சாருக்குக் கண்ணில் புரை விழுந்தது. ஆபரேஷன் செய்தும் சரியாகவில்லை. இப்போது ஆள் நிற்பது தெரியும், எழுத்து தெரியாது. சலூனில் டிவி வைத்துவிட்டார்கள். உன் பெயரைச் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது. நான்கு வியாழக்கிழமை பொறுத்துப் பார்த்தேன். ஐந்தாவது வாரம் நூலகத்துக்குப் போய், என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டும் படிக்க வந்ததும் ஒரு வியாழக்கிழமை நானே பேப்பர் வாங்கினேன். காலையில் பிரித்தவன் மாலை வரைக்கும் தேடினேன். உன் பகுதி இல்லை. என் படிப்பில்தான் ஏதோ கோளாறு என்று மறுபடி முதல் பக்கத்திலிருந்து தேடினேன். கடைசியில் சலூன்காரரிடம் போனேன். "அது நின்னு அஞ்சு மாசம் ஆச்சேய்யா, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு கட்டை இழுத்தார். சவரக்கத்தி துடைக்க வைத்திருக்கிற பழைய பேப்பர்கள். அதில் உன் கட்டுரைகள் பதினொன்று கிடைத்தன. சிலவற்றில் சோப்பு நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் துடைத்து, மருமகளின் துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன்.

முதலில் எடுத்தது அந்தக் கலகத்தின் போது எழுதியது. திங்கட்கிழமை முதல் பத்தி படித்தேன். சார் படித்த அதே வார்த்தைகள். கோபம் வந்தது, மடித்து வைத்துவிட்டேன். செவ்வாய் இரண்டாவது பத்தி. அதுவும் அப்படியே. கட்டுரை முடிந்துவிட்டது, இதற்கு மேல் என்ன என்றுதான் இருந்தது. ஆனால் கீழே இன்னும் எழுத்து இருந்தது. எழுத்து இருந்தால் விடாமல் படிக்கிற பைத்தியம் எனக்குப் பிடித்திருக்கிறதே. புதன்கிழமை மூன்றாவது பத்தியில் விரலை வைத்தேன்.

"இதுவரை சொன்னது எதிர்த்தரப்பின் நியாயம். அதில் இரக்கம் இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் நான் அதை ஏற்கவில்லை."

ஏற்கவில்லை என்ற சொல்லை மூன்று தடவை எழுத்துக் கூட்டினேன். தப்பாகப் படிக்கிறேன் என்று பயந்து, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நூலகத்துக்கு ஓடினேன். டீச்சர் படித்துப் பார்த்துவிட்டு, "சரியாத்தானே படிச்சிருக்கீங்க, ஐயா" என்றார். அங்கேயே உட்கார்ந்து மிச்சத்தையும் படித்தேன். பிற நாட்டுச் சண்டையில் நம் பிள்ளைகளை இறக்காதே, மருந்து அனுப்பு, ஓடிவருகிறவர்களுக்கு எல்லையைத் திறந்து வை, இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேச நாற்காலி போடு என்று எழுதியிருக்கிறாய். "அந்தப் படையில் என் தம்பியும் இருக்கிறான். அவன் இல்லாவிட்டாலும் இதையேதான் எழுதியிருப்பேன்" என்றும் எழுதியிருக்கிறாய்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கதவின் முன்னால் நின்று, அதுவரை படிக்கத் துணியாத அந்தத் தார்க்கறையைப் படித்தேன். "துரோகி வீடு" என்று இருந்தது. பட்டாளம் போகக் கூடாது என்று எழுதியதற்குக் கிடைத்த பட்டம் அது. ஊரே உன்னைத் திட்டிய காரணம் ஒன்று, நான் உன்னிடம் கோபித்த காரணம் அதற்கு நேர் எதிர். நீயோ நானும் ஊரோடு சேர்ந்துகொண்டேன் என்று நினைத்துப் போயிருக்கிறாய்.

சாப்பிடும்போது தம்பியின் வலது பக்கம் உட்கார்ந்து அந்த மூன்றாவது பத்தியை வாசித்துக் காட்டினேன். அவன் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. நான் நினைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். "ஐயோ அப்பா! ரெண்டு பத்தியா? ரெண்டே பத்தியா?" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு அழுதான். மருமகள் எந்தப் பக்கம் வந்து நிற்பது என்று தெரியாமல் நின்றாள்.

அவன்தான் மற்றதைச் சொன்னான். மறுபடி படை அனுப்பும் பேச்சு வந்ததும் பத்திரிகை உன் பகுதியை நிறுத்திவிட்டு, உன்னைப் பழைய பிழை திருத்தும் மேஜைக்கே அனுப்பிவிட்டது என்றான். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறையில் நான்கு பேர் ஒரு வாரப் பத்திரிகை ஆரம்பிக்கிறார்கள், வாராவாரம் எழுதச் சொல்லி உன்னைக் கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், நீ முடியாது என்று சொல்லப் போகிறாய் என்றான். "பதினோரு வருஷம் எழுதி என்ன ஆச்சு? என் அப்பாவைக்கூட நம்பவைக்க முடியலையே" என்று நீ அவனிடம் சொன்னாயாம்.

இப்பவே போன் போடு என்றான் தம்பி. வேண்டாம் என்றேன். என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். நான் பேச ஆரம்பித்தால் முதல் இரண்டு பத்தியோடு நின்றுவிடும். எழுதினால்தான் மூன்றாவது வரை வர முடியும். இந்தக் கடிதம் போய்ச் சேரும்வரை உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நான் எழுதுகிற வேகத்தைப் பார்த்து, "அப்பா, மாசம் முடிஞ்சிடும்ப்பா" என்று தினமும் அரிக்கிறான்.

நடுவில் ஒரு நாள் பென்ஷன் சார் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். ஏன் சார் பாதியில் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். அவர், "ரெண்டு பத்தியிலேயே எனக்கு எல்லாம் புரிஞ்சிடும்யா. அதுக்கு மேல நானே படிச்சதில்ல" என்றார். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. பையிலிருந்து பேப்பரை எடுத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் வைத்து மூன்றாவது பத்தியிலிருந்து படித்தேன். நினைத்துப் பார், சாருக்கு நான் பேப்பர் படிக்கிறேன்! முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. மனிதர் குறுக்கே பேசவே இல்லை. கடைசியில், "நான் ஒத்துக்க மாட்டேன். உன் பொண்ணு சொல்றது தப்பு" என்றார். சரி என்று பேப்பரை மடித்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க போற? இன்னும் பத்து இருக்குன்னியே. நாளைக்கு வந்து அடுத்ததைப் படி. அவ என் பக்கத்து நியாயத்தை என்னைவிட நல்லா சொல்லியிருக்கா. அப்புறம் எதுக்கு மறுக்கிறான்னு நான் தெரிஞ்சுக்க வேணாமா?" என்றார். இப்போது ஐந்தாவது கட்டுரையில் இருக்கிறோம். நேற்று, "மருந்து அனுப்பறதுல எனக்கு ஆட்சேபம் இல்ல" என்று ஒரு படி இறங்கி வந்திருக்கிறார்.

முதலில் உனக்கு ஒரு யோசனை சொல்லலாம் என்று இருந்தேன். உன் சொந்தக் கருத்தை முதல் பத்தியிலேயே வைத்துவிடு, சலூனில் அதற்கு மேல் யாரும் படிப்பதில்லை என்று. இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. நீ அப்படி எழுதியிருந்தால் சார் முதல் வரியிலேயே பேப்பரை விசிறியெறிந்திருப்பார். உன் வழக்கத்தை மாற்றாதே. படிக்கிறவர்களைத்தான் கடைசிவரை படிக்கச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று எழுத வேண்டும். இது கொஞ்சம் கஷ்டம். நான்காவது பத்தியில் நான் இருக்கிறேன். இரண்டு தெருக்கள் அடித்துக்கொண்டபோது, தண்ணீர் திறந்துவிடுகிற உன் அப்பா யார் பக்கமும் சேரவில்லை, யாருக்கும் தண்ணீரை நிறுத்தவும் இல்லை, தன் இரண்டடி இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு நேரத்துக்கு வந்து நேரத்துக்குத் திறந்தார், ஒரு நாடும் அப்படி இருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு வகுப்பில் எல்லோரிடமும் காட்டினேன். தையல்காரரின் மாமியார்கூட ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் அதில் இரண்டு பிழை இருக்கிறது. சாவி இரண்டடி இல்லை, மூன்றரை அடி. இரண்டடிச் சாவி எந்த வால்வுக்கு எட்டும்?

இரண்டாவது பிழை பெரியது. நான் ஒரு தடவை நிறுத்தியிருக்கிறேன். நீ பிறப்பதற்கு முன்னால். சண்டைத் தெருவில் இருந்த சிலர் மாடி வீட்டுத் தெரு ஆள் ஒருவரின் மண்டையை உடைத்துவிட்டார்கள். அநியாயம்தான், அதில் சந்தேகம் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. புத்தி வரட்டும் என்று சண்டைத் தெருவின் வால்வை இரண்டு நாள் மூடி வைத்தேன். அடித்தவர்கள் அன்றைக்கே சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மாட்டிக்கொண்டது போக இடம் இல்லாதவர்கள். மூன்றாம் நாள் திறந்தபோது, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் குழாயடியில் நின்றாள். குழந்தையின் உதடு வெடித்திருந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. "நாங்க என்ன அண்ணே பண்ணோம்?" என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம்தான் நீ எழுதியிருக்கிற அப்பா ஆனேன். நல்ல புத்தியால் இல்லை, அந்தக் கேள்விக்குப் பயந்துதான்.

இதை யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மா உயிரோடு இருந்தவரைக்கும் அவளிடம்கூட. நீ இதை எழுதலாம். என்னைப் பற்றிய பிழையைத் திருத்தியது போலவும் ஆகும். உன் அப்பா எப்போதும் ஒதுங்கியே நின்றவர், அவருக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால், அவருக்குத் தெரியும் என்று சொல். ஆனால் எழுத ஒரு இடம் வேண்டுமே. அந்த இரண்டு அறைக்காரர்களிடம் சரி என்று சொல்லிவிடு. பக்கத்து நாட்டுச் சண்டை எல்லாப் பேப்பரிலும் மறுபடி பெரிய எழுத்தில் வருகிறது. பெரிய எழுத்து என்பதால் எனக்கும் சுலபமாகப் படிக்க வருகிறது. மூன்றாவது பத்தியைத்தான் எங்கேயும் காணோம்.

நீ முன்னால் எழுதியபோது உனக்கு ஊரெல்லாம் வாசகர்கள் இருந்தார்கள், வீட்டில் ஒருவர்கூட இல்லை. இப்போது வீட்டில் ஒருவன் இருக்கிறான். மெதுவாகப் படிப்பான், ஆனால் முழுசாகப் படிப்பான்.

கதவுக்கு வர்ணம் அடிக்கலாம் என்று தம்பி சொல்கிறான். அந்தத் தார் இனி தெரியாதபடி இரண்டு பூச்சு அடிக்க வேண்டும். மருமகள் பச்சை என்கிறாள், தம்பி நீலம் என்கிறான். நான் எதுவும் சொல்லவில்லை. அந்தக் கதவைத் திறந்து உள்ளே வருகிறவள் சொல்லட்டும் என்று இருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் கைக்கு ஒரு நாளும் சலிப்பு வரக் கூடாது. நீ எழுதுவது பிடிக்காதவர்களும் அதைக் கடைசிவரை கேட்கிற காலம் வர வேண்டும். இதுதான் என் ஆசீர்வாதம்.

இதை எழுத ஒன்பது நாள் ஆனது. இனி வேகம் வந்துவிடும். அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன். ஆறாவது கட்டுரைக்கு சார் என்ன சொன்னார் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்குள் கதவுக்கு என்ன நிறம் என்று ஒரு வரி போடு.

உன் அப்பா
(கீழே இருப்பது கைநாட்டு இல்லை, கையெழுத்து.)